கோபால்ட்டை எழுப்பியது

அமுதவள்ளி அக்கா ஒரு மாதம் என்று சொல்லித்தான் மலையேறினாள். இரண்டு காய் எடுப்புக் காலம் முடிந்து மூன்றாவதும் தொடங்கியிருந்தது. சென்னையிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பாதித் துணிகள் அப்போதும் மடித்தபடியே கிடந்தன. எடுத்து அலமாரியில் வைத்தால் தங்கிவிட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தாள் போல.

அவள் என் பெரியப்பா கண்ணுச்சாமியின் மகள். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஜீப்பில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஏலக்காய்த் தோட்டத்தில் பெரியப்பா ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பிச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். கீழே விறகு எரியும், தகரக் குழாய் வழியாகச் சூடு அறைக்குள் ஏறும். எரியும்போது விடிய விடிய ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், நீராவி வெளியேறாவிட்டால் மஞ்சளாகிவிடும். மஞ்சள் காயை ஏலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஸ்டோர் சாவி எந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குத்தான் ஸ்டோரை ஒட்டிய வீடு. சாவி கைமாறினால் வீடும் கைமாறும். யாரும் இதை எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா மழையில் கூரைத் தகட்டைச் சரிசெய்ய ஏறி, வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுத்தபோது, முதலாளி போடியிலிருந்து வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். “உங்க வீட்டு ஆளு ஒருத்தர் ஸ்டோரப் பாத்துக்கிட்டாச் சரி கண்ணுச்சாமி, மத்தத நான் கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டு ஆள் என்றால் அக்கா ஒருத்திதான். பெரியம்மா அவளுடைய சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார்.

அக்கா அந்த ஸ்டோருக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்துக்காகக் கீழே இறங்கி, ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டில் தங்கிப் போடிக்குப் பஸ்சில் போய்வந்தாள். விடுமுறை விட்டால் முதல் ஜீப்பில் மேலே போய்விடுவாள். பிறகு மதுரையில் கல்லூரி, அதன் பிறகு சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர்கள் யாரும் இல்லை. தோட்டத்துப் பெண்கள் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டு, முட்டிவலிக்கு மாத்திரை எழுதித் தரச்சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவள் செய்த ஆராய்ச்சி என்ன என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். அவள் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

ஆரஞ்சுத் தோலிலும் ஏலக்காயிலும் லிமோனீன் என்ற எண்ணெய் இருக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு வளையமும் ஒரு சின்ன வாலும் உண்டு. வளையத்துக்குள் ஓரிடத்திலும் வாலின் நுனியிலும் இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கும். அப்படி இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மங்களை ஆல்கீன் என்பார்கள். அந்தப் பிணைப்பில் ஒன்றைத் திறந்து, ஒரு கார்பனில் போரானையும் மற்றதில் ஹைட்ரஜனையும் ஒட்டவைப்பதுதான் அவள் வேலை. போரான் எதற்கு என்றால், அது ஒரு கொக்கி மாதிரி. ஒட்டிய பிறகு அந்த இடத்தில் போரானைக் கழற்றிவிட்டு வேண்டியதை மாட்டலாம். மருந்து செய்கிறவர்களுக்கும் வாசனைப் பொருள் செய்கிறவர்களுக்கும் அது பெரிய வசதி.

ஆனால் போரான் தானாகப் போய் ஒட்டாது, ஒட்டினாலும் நாம் சொல்கிற இடத்தில் ஒட்டாது. ஒரு வினையூக்கி வேண்டும். இதற்கு முன்பு ரோடியம், இரிடியம் என்று தங்கத்தைவிட அரிதான உலோகங்களைப் பயன்படுத்தினார்கள். கோபால்ட் எளிதில் கிடைப்பது. பேட்டரிக்குள் இருப்பதும் அதுதான். கோபால்ட் போரானைச் சரியாக வால் நுனியில் கொண்டுபோய் வைக்கும், ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வேலை செய்கிற நிலையில் இருக்கும் கோபால்ட் காற்றுப் பட்டாலே செத்துப்போகும். அதனால் காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள், வெளியிலிருந்து நீண்ட ரப்பர்க் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் அதைத் தொட முடியும். அவளுடைய ஆய்வகத்தில் அப்படி ஒரே ஒரு பெட்டி. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், அவள் முறை வருவதற்குள் வாரம் ஓடிவிடும்.

அதனால் அவள் பெட்டியே வேண்டாத ஒரு வழியைத் தேடினாள். காற்றில் கெடாத கோபால்ட் உப்பு ஒன்று இருக்கிறது. அதை மேசைமேல் வைத்தே எடை போட்டுக் குடுவைக்குள் மூடிவிடலாம், காற்றை வெளியேற்றிய பிறகு எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் அது தூங்குகிற கோபால்ட். அதை எழுப்ப இன்னொரு பொருளைச் சேர்க்க வேண்டும், அந்தப் பொருளோ ஈரம் பட்டால் கெடுவது. மறுபடியும் பெட்டி. இந்த இடத்தில்தான் அக்காவுக்கு ஒரு விஷயம் நடந்தது. எழுப்பும் பொருளைச் சேர்க்காமலே ஒருநாள் செய்து பார்த்தாள். கோபால்ட் எழுந்தது. போரான் போய் வால் நுனியில் ஒட்டியது. திரும்பத் திரும்பச் செய்தாள், ஒவ்வொரு முறையும் வந்தது. எதுவும் சேர்க்காமல் எழுகிற கோபால்ட் என்றால் அது புதிய செய்தி. பேராசிரியர் அவளுடைய ஆராய்ச்சி முழுவதையும் அதன்மேல் கட்டச் சொன்னார். அப்போதுதான் பெரியப்பா விழுந்த செய்தி வந்தது.

அவள் மலையேறிய பிறகு அந்த வேலையைப் பிரேம்சிங் தொடர்ந்தான். நாசரேத்துப் பக்கத்துக்காரன், அவளுக்குப் பிறகு ஆய்வகத்தில் சேர்ந்தவன். அவன் செய்தபோது முதல் தடவை நன்றாக வந்தது. அடுத்த தடவை பாதிதான் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. புதிய கோபால்ட் வாங்கினான், புதிய எண்ணெய் வாங்கினான், அப்படியும் வரவில்லை.

தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் பாறையில் மட்டும்தான். அக்கா காயைத் தட்டில் பரப்பிவிட்டு, விறகை அடுக்கிவிட்டு, பாறைக்கு ஓடுவாள். பிரேம்சிங் தோற்றுப்போன கதையைச் சொல்வான். இவள் அதை மாற்று, இதை மாற்று என்பாள். பாதியில் ஸ்டோர் ஞாபகம் வந்து ஓடிவந்துவிடுவாள். அவளுடைய கை போக வேண்டிய இடம் அங்கே, அவள் நிற்க வேண்டிய இடம் இங்கே. நான் மேலே போயிருந்த சமயங்களில் அவள் பாறையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். அடுப்பு வாயைத் திறந்து, தேவையில்லாமல் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, மூடுவாள்.

கொடுமை என்னவென்றால் ஸ்டோரில் அவள் கை நன்றாக ஓடியது. அவள் வந்த பிறகு காயின் பச்சை கூடிவிட்டது என்று ஏல மையத்தில் பேசிக்கொண்டார்கள். முதலாளி சந்தோஷப்பட்டார். பெரியப்பா கட்டிலில் படுத்தபடி வந்தவர் போனவரிடமெல்லாம் மகளின் கையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். ஒவ்வொரு பாராட்டும் அவளை அந்த இடத்தில் இன்னும் இறுக்கமாகக் கட்டியது.

போன வருடம் கடைசியில் பேராசிரியரே போன் செய்தார். நல்லவேளையாக அவள் பாறையில் இருந்தாள். பிரேம்சிங் சொல்வதைக் கேட்டேன், ஆய்வகத்தில் வேறு இரண்டு பேரும் செய்து பார்த்துவிட்டார்கள், யாருக்கும் வரவில்லை என்றார். அதன் பிறகு, “அமுதா, நீ காட்டுனதெல்லாம் நெஜமா நடந்ததுதானே?” என்று கேட்டிருக்கிறார். அவள் ஆமாம் சார் என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? கையில் குடுவையும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. நடந்தது என்று காட்ட வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டும். போனால் ஸ்டோரை யார் பார்ப்பது? அவளுடைய ஆராய்ச்சிப் பதிவுக் காலம் ஏப்ரலோடு முடிகிறது, அதற்குள் இது நிலைக்காவிட்டால் நீட்டிக்கப் பரிந்துரைக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அதாவது அவள் படிப்பு அதோடு முடிந்துவிடும்.

அந்த வாரம் காய் அதிகம் வந்ததால் நானும் உதவிக்கு மேலே போயிருந்தேன், பறிப்பிலிருந்து மருதாயி என்ற பெண்ணையும் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ராசிங்காபுரத்திலிருந்து தினமும் ஜீப்பில் வருகிறவர். பறிப்பில் கை வேகம், ஸ்டோர் வேலை புதிது. வாயும் சும்மா இருக்காது.

பச்சைக் காய் வந்ததும் முதலில் கழுவ வேண்டும். பிறகு வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட வேண்டும். காயின் பச்சை நிறம் உலர்ந்த பிறகும் நிற்பதற்கு அதுதான் காரணம். ஊறியதும் வடித்து, அப்படியே தட்டில் பரப்ப வேண்டும். மருதாயி வடித்த காயைப் பார்த்தார். கைக்கு வழவழவென்று இருந்தது. சுத்தமான பெண் அவர். குழாயடியில் கூடையை வைத்து நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அக்கா உள்ளிருந்து பார்த்துவிட்டாள். “அத்தே, சோடாவுல முக்குனத அலசக் கூடாது. அலசுனா அம்புட்டும் போயிரும்” என்றாள்.

“சோப்புத் தண்ணி மாதிரி இருக்குதே ஆத்தா. சாப்புடுற சாமானுல்ல?”

“அது காயுற வரைக்கும் மேலேயே இருக்கணும். ஸ்டோர்ல எதையும் சோடாவுக்கப்புறம் அலச மாட்டோம். தட்டு, கூடை, எதையும்.”

மருதாயி தண்ணீரை மூடிவிட்டு, படிச்ச பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும், வீட்டில் நான் பாத்திரம் கழுவுற மாதிரி கழுவினால் முதலாளி என்னையும் சேர்த்துக் காயப்போட்டுவிடுவார் என்று சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நான் தட்டு நகர்த்திக்கொண்டிருந்தேன். அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு, தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் சோடா காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

அவள் பிறகு எனக்குச் சொன்னது இது. ஆய்வகத்தில் எல்லோரும் குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்துத் தண்ணீரில் பலமுறை அலசுவார்கள். அவள் மட்டும் சேர்ந்த நாளிலிருந்தே சோடாத் தண்ணீரில் ஊறவைப்பாள். சின்ன வயதிலிருந்து பார்த்த சுத்தம் அவளுக்கு அதுதான். ஊறவைத்த பிறகு தண்ணீரில் அலசாமல், அசிட்டோனை ஊற்றி ஒரு சுழற்று சுழற்றிவிட்டுச் சூட்டடுப்பில் வைப்பாள். அசிட்டோனில் சோடா கரையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கண்ணாடியில் ஒட்டியபடியே இருந்திருக்கிறது. சோடா ஒரு காரம். தூங்குகிற கோபால்ட்டை எழுப்பியது அந்தப் படலம்தான். பிரேம்சிங் முதல் தடவை அவளுடைய குடுவையை எடுத்திருக்கிறான், வந்திருக்கிறது. பிறகு அவன் கழுவக் கழுவப் படலம் போனது, வினையும் போனது. எதுவும் சேர்க்காமல் நடக்கிறது என்று அவள் சொன்னது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. தெரியாமலே சேர்த்திருக்கிறாள்.

அவள் உடனே பாறைக்குப் போகவில்லை. அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. அன்றைய காயை முழுவதும் பரப்பிய பிறகுதான் என்னிடம் மெதுவாகப் பேசினாள். சொன்னால், கழுவாத குடுவையில் ஆராய்ச்சி செய்தவள் என்று பெயர் வரும். புதிய கண்டுபிடிப்பு என்று பேராசிரியர் நாலு இடத்தில் பேசியது தப்பாகிவிடும். சொல்லாவிட்டால், இட்டுக்கட்டியவள் என்றே இருக்கும், படிப்பும் ஏப்ரலோடு முடிந்துவிடும். “ரெண்டு பக்கமும் சுவருதான்டா” என்றாள். பிறகு, “ஆனா காரணம் தெரிஞ்சிருச்சு” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவளால் அதை மறைக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பிரேம்சிங்குக்குப் போன் செய்தாள். சுத்தமாக அலசிய குடுவையை எடு, வாஷிங் சோடாவை நன்றாக உலர்த்தி, எடை போட்டு, ஒரு சிட்டிகை போடு என்றாள். எதிர்முனையில் அவன் சிரித்தது எனக்கே கேட்டது.

“அக்கா, துணி தொவைக்கிற சோடாவா? சார்ட்ட நான் எப்பிடிச் சொல்றது?”

“செஞ்சிட்டுச் சொல்லு.”

மூன்றாம் நாள் அவன் கூப்பிட்டான். போரான் ஒட்டியிருந்தது, முன்பு அவள் காட்டியதைவிட நன்றாகவே. மற்ற இருவர் கையிலும் வந்தது.

அன்று மாலையே பேராசிரியர் பேசினார். முதலில் குடுவை கழுவுவதைப் பற்றிக் கடுமையாகத் திட்டினார். பிறகு, சோடாவால் எழுகிற கோபால்ட் என்பதும் நல்ல செய்திதான், கண்ணாடிப் பெட்டியே வேண்டாம், சோடாவை யாரும் வாங்கலாம் என்றார். ஆனால் இதுவரை செய்த எல்லா ஆல்கீன்களையும் சோடாவை அளந்து போட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். பிப்ரவரிக்குள் நீ வந்து உன் கையால் செய்தால் அது உன் ஆராய்ச்சி, நீட்டிப்புக்கு நான் எழுதுகிறேன், வராவிட்டால் பிரேம்சிங் செய்து முடிப்பான், அது அவனுடையது என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. யார் கையிலும் நடக்கிற மாதிரி ஆக்கியது அவள்தானே. அதனால் அவள் கை இனித் தேவைப்படவில்லை.

தேவைப்படுகிற இடம் ஸ்டோர் மட்டும்தான். வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னாள். மருதாயி அத்தைக்கு வேலையை முழுவதும் சொல்லிக் கொடுக்கிறேன், அடுப்பு எரிகிற ராத்திரிகளில் அவர் இங்கேயே தங்கிக்கொள்வார், நீங்கள் ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள், சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும், வீட்டு ஆள் பார்ப்பதாகத்தானே கணக்கு என்றாள். பெரியப்பா அதற்குள் கம்பு ஊன்றிக் கழிப்பறை வரை நடக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் விழுந்த நாளிலிருந்து ஸ்டோர் வாசலை மிதிக்கவில்லை.

“ஒக்காந்த எடத்துலருந்து வெறகு தள்ள முடியுமா? தட்டு மாத்த முடியுமா? பொம்மை மாதிரி இருக்கச் சொல்றியா?” என்றார்.

“நீங்க சொல்லுங்கப்பா. அவங்க செய்வாங்க.”

“சொல்லி வர்ற வேலையா ஆத்தா இது? மூக்குல தெரியணும். ஒனக்கு எங்கிட்ட இருந்து ரத்தத்துல வந்துச்சு. அவளுக்கு எங்கருந்து வரும்?”

“எனக்கும் ரத்தத்துல வரல. பாத்துப் பாத்து வந்துச்சு. சொல்லத் தெரியாததுனாலதான் அங்க என்னைய ஏமாத்துக்காரின்னு நெனச்சாங்க.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாவி போனால் வீடு போகும், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு ராசிங்காபுரத்தில் தம்பி வீட்டு மூலையில் நான் கிடக்க வேண்டும், அதுதானே உனக்கு வேண்டும் என்று சுவரைப் பார்த்தே சொன்னார். நியாயம் அவர் பக்கமும் இருந்தது. பயமாகவும் இருந்தது அவருக்கு. எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது, யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவள் மருதாயிக்குச் சொல்ல ஆரம்பித்தாள். தான் இதுவரை யோசிக்காமல் செய்த ஒவ்வொன்றையும் நிறுத்தி, ஏன் செய்கிறோம் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். சூடு ஏறியதும் ஜன்னலை எதற்குத் திறக்கிறோம், எப்போது மூடுகிறோம், காய் காய்ந்ததைக் குலுக்கிப் பார்த்து எப்படி அறிகிறோம். அதில் சிலவற்றுக்கு அவளுக்கே காரணம் தெரியவில்லை. மருதாயி கேட்டுக் கேட்டு அவளைத் திணறடித்தார். இவ்வளவு கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பேசாமல் நீயே இருந்துவிடலாம் என்று கிண்டலும் செய்தார். முதல் தடவை மருதாயி தனியாகப் பார்த்த காய் வெளுத்துவிட்டது. தோட்டம் முழுக்கப் பேச்சு. கட்டிலில் கிடந்த பெரியப்பாவின் முகத்தில் அன்று முழுவதும் ஒரு நிம்மதி இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம், இரண்டாவது தடவையாக மருதாயி தனியாக ஸ்டோரில் காயை ஏற்றிச் சூடு போட்டார். அக்கா உள்ளே போகவில்லை. வெளியே விறகுக் குவியலின்மேல் உட்கார்ந்து, கைகளைக் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புகை போக்கியில் புகை அடர்ந்து, பிறகு மெலிந்தது. ஜன்னல் பக்கம் மருதாயியின் தலை தெரிந்தது, மூடுவதற்காகக் கை கொக்கியில் இருந்தது. அக்காவின் உடம்பு முன்னால் சாய்ந்தது. எழுந்து கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு வாசலில் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. பெரியப்பா கதவு நிலையைப் பிடித்து நின்றார். விழுந்த பிறகு அவ்வளவு தூரம் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தார். பிறகு அக்காவைத் தாண்டி, ஸ்டோர் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மருதாயி, ஜன்னல இப்ப மூடாத. ஆவி இன்னும் போகல. நாஞ் சொல்றப்ப மூடு.”

“சரிண்ணே” என்றார் மருதாயி உள்ளிருந்து. “எப்பச் சொல்லுவீக?”

“இரு, வர்றேன்.”

கம்பை ஊன்றி, ஒவ்வொரு அடியாக, அவர் ஸ்டோர் பக்கம் நடந்தார். அக்கா பிடிக்கப் போனாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை, ஒரு கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு வாசற்படியில் ஏறி உள்ளே போனார். உள்ளே நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மருதாயி என்னவோ கேட்டார், அவர் அதட்டிப் பதில் சொன்னார், மருதாயி திருப்பிக் கேட்டார்.

அக்கா வெளியிலேயே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னிடம், சாயங்காலம் இறங்குகிற ஜீப்பில் ஒரு இடம் சொல்லி வைக்கச் சொன்னாள். பிறகு வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, மடித்தபடியே கிடந்த துணிகளுக்கு மேல் மற்றவற்றை அடுக்கத் தொடங்கினாள்.